ஓட்டுகிறவர் பக்கம்

மியூனிக் ஆலையில் பெட்ரோல் எஞ்சின் செய்வதை 2023 கடைசியோடு பிஎம்டபிள்யூ நிறுத்திவிட்டது. அந்த வேலை இங்கிலாந்தின் ஹாம்ஸ் ஹாலுக்கும் ஆஸ்திரியாவின் ஸ்டையருக்கும் போயிற்று. மில்பர்ட்ஸ்ஹோஃபன் பகுதியில், குடியிருப்புகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஆலை அது. ஒரு பக்கம் ஒலிம்பிக் பூங்கா, மறுபக்கம் வீடுகள். விரிவாக்க இடம் கிடையாது. ஒன்றை இடித்துத்தான் இன்னொன்றைக் கட்ட வேண்டும். எஞ்சின் கூடம் இருந்த இடத்தில் மின்சாரக் காருக்கான கூடம் எழும்புகிறது என்று படித்ததும் எனக்கு அம்ஜாவின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மியூனிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் அறைக்கு மேல்மாடியில் குடியிருந்த துருக்கியப் பெரியவர் அவர். துருக்கியில் சித்தப்பாவை அம்ஜா என்று கூப்பிடுவார்கள். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அம்ஜாதான். ஆலையின் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1986-இல் வாங்கிய வெள்ளை 318ஐ கார் ஒன்று வைத்திருந்தார். 3 சீரிஸின் இரண்டாம் தலைமுறை. கார்க்காரர்கள் ஈ30 என்று உள்பெயரால் சொல்வார்களே, அது. அதன் பானட் நம் ஊர்க் கார்களைப் போல் முன்பக்கம் திறக்காது. கண்ணாடிப் பக்கம் மேலெழும்பி முன்னே சாயும். அம்ஜா பக்கவாட்டில் நின்று குனிவார். நான்கு சிலிண்டர் எஞ்சின் உள்ளே முப்பது டிகிரி வலப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும்.

டேப்பெட் சத்தம் அவருக்குப் பிடிக்காது. காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினில் மேல்மூடியைக் கழற்றி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, வளைத்த சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை ராக்கர் முனையில் இருக்கும் சின்ன ஓட்டையில் விட்டுத் திருப்புவார். மற்ற கை ஃபீலர் கேஜைப் பிடித்திருக்கும். தகடு உரசிக்கொண்டு வழுக்க வேண்டும். இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. வால்வு எட்டு. எட்டையும் முடித்து மூடியைப் பூட்டிச் சாவியைத் திருப்பிய பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசமாட்டார். காதை வைத்துக் கேட்பார். நாங்களும் கேட்க வேண்டும்.

அந்த எஞ்சினுக்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. 1959 டிசம்பர் 9. கம்பெனி கடனில் மூழ்கி, போட்டியாளரான டைம்லர் பென்ஸிடம் போய்ச் சேரவிருந்த நாள். பங்குதாரர் கூட்டத்தில் சிறு பங்குதாரர்களும் விற்பனை முகவர்களும் எழுந்து எதிர்த்தார்கள். கம்பெனி கைமாறுவது நின்றது. பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் தன் பங்கைப் பெருக்கிப் பணம் போட்டார். அன்றைக்கு பிஎம்டபிள்யூ செய்துகொண்டிருந்தவை முக்கியமாக இரண்டு வகை: ஒரு பக்கம் யாரும் வாங்க முடியாத எட்டு சிலிண்டர் பெருங்கார்கள், இன்னொரு பக்கம் முன்னாலிருந்து கதவு திறக்கும் முட்டை வடிவ இசெட்டா போன்ற குட்டிக் கார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற ஒன்று அவர்களிடம் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1961-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் நியூ கிளாஸ்ஸே என்ற பெயரில் 1500 காரைக் காட்டினார்கள். அதற்குள் இருந்த எஞ்சினைச் செய்தவர் அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாசன். பிற்காலத்தில் பெரிதாக்க இடம் விட்டே அவர் அதை வடிவமைத்தார். அந்தத் தொலைநோக்கு எவ்வளவு தூரம் போயிற்று என்றால், 1500-இல் 80 குதிரைத்திறன் கொடுத்த அதே எஞ்சின் பிளாக்கை அடிப்படையாக வைத்து, டர்போ பூட்டி, 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்றார். அம்ஜாவின் 318ஐ-யில் இருந்தது அந்த வம்சத்தின் கடைசித் தலைமுறைகளில் ஒன்று. தான் கை வைத்த எஞ்சினாகவே இருக்கலாம் என்று அவர் சொல்வதுண்டு. எங்களுக்கு அதில் சந்தேகம் வந்ததே இல்லை.

3 சீரிஸ் பிறந்தது 1975-இல். ஆனால் அதற்குக் கரு உண்டானது அதற்கும் முன்னால். 1966-இல் நியூ கிளாஸ்ஸேயைச் சுருக்கி இரண்டு கதவுகளோடு 1600-2 என்றொரு சின்னக் காரை விட்டிருந்தார்கள். அதில் இரண்டு லிட்டர் எஞ்சினைப் போட வேண்டும் என்று எந்தத் திட்டமும் இல்லை. ஃபால்கன்ஹாசன் தனக்கென்று ஒரு சின்னக் காரில் பெரிய எஞ்சினைப் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். திட்டமிடல் பிரிவின் ஹெல்முட் வெர்னர் பன்ஷும் தனக்கென்று அதையே செய்து வைத்திருந்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. இருவர் காரும் பட்டறையில் ஒன்றாக நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்காவில் இறக்குமதி செய்துகொண்டிருந்த மேக்ஸ் ஹாஃப்மனும் வேகமான சின்னக் கார் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். 1968-இல் 2002 வெளிவந்தது. 100 குதிரைத்திறன், ஏறக்குறைய ஒரு டன் எடை. நான்கு பேர் உட்காரலாம், பெட்டி வைக்கலாம், மலைப்பாதையில் விரட்டவும் விரட்டலாம். சொகுசு என்றால் நீளமும் அகலமும் குரோமியமும் என்று இருந்த காலத்தில், சின்னதாக இருந்தே உயர்ந்ததாக இருக்கலாம் என்பதை அந்தக் கார் காட்டியது.

இரண்டு பேர் தங்களுக்காகச் செய்துகொண்ட கார். இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

அம்ஜா மியூனிக்குக்கு வந்தது 1970-இல். இஸ்தான்புல்லிலிருந்து வரும் ரயில்கள் மியூனிக் தலைமை நிலையத்தின் 11-ஆம் நடைமேடையில் வந்து நிற்கும். வந்தவர்களைப் படியிறக்கி, போர்க்காலத்தில் கட்டிய பதுங்கு அறைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே உணவுப் பொட்டலம், பெயர்ச் சரிபார்ப்பு, யார் எந்த ஊர், எந்த ஆலை என்ற பிரிப்பு. அம்ஜாவுக்கு அதே ஊர் விழுந்தது. முதல் மூன்று வருடம் ஆலைவிடுதியில் இரும்புக் கட்டில். 1973 நவம்பரில் ஜெர்மனி வெளிநாட்டு ஆள் எடுப்பதை அடியோடு நிறுத்தியது. எண்ணெய் நெருக்கடி. இனி போனால் திரும்பி வர முடியாது என்பதால் இருந்தவர்கள் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அவருடைய மனைவியும் அப்படித்தான் வந்தார்.

அதே இலையுதிர்காலத்தில்தான் பிஎம்டபிள்யூ 2002 டர்போவை வெளியிட்டது. 170 குதிரைத்திறன். முன்னால் போகிற கார்க்காரர் தன் கண்ணாடியில் பார்த்து வழிவிட வேண்டும் என்பதற்காக, டர்போ என்ற எழுத்தை முகப்பில் வலமிருந்து இடமாகத் திருப்பி ஒட்டியிருந்தார்கள். பெட்ரோல் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை விதித்திருந்த நாட்டில் அந்த எழுத்து பெரிய எரிச்சலைக் கிளப்பியது. 1672 வண்டிகளோடு அது முடிந்தது. கூடத்தில் அந்த எஞ்சினைப் பார்க்க மற்றப் பிரிவு ஆட்களும் சாப்பாட்டு இடைவேளையில் வருவார்கள் என்று அம்ஜா சொல்லியிருக்கிறார். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், இதை யார் செய்தார் என்ற வியப்பு ஒரு பக்கம்.

1975-இல், 2002 இருந்த 02 வரிசையின் இடத்துக்கு 3 சீரிஸ் வந்தது. வெளித்தோற்றம் பால் பிராக்கின் மேற்பார்வையில் உருவானது. வெளியே பார்ப்பதற்கு நிதானமான கார்தான். உள்ளே உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். டேஷ்போர்டின் நடுப்பகுதி, ரேடியோவும் ஏசி குமிழ்களும் இருக்கும் பலகை, ஓட்டுகிறவர் பக்கம் சற்றே திரும்பியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு ரேடியோ முழுமுகம் காட்டாது. இந்தக் காரில் யார் முக்கியம் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. இரவில் மீட்டர்கள் ஆரஞ்சுச் சிவப்பில் எரியும், கண் கூசாமல் இருப்பதற்காக. ஒரு பொருளைச் செய்கிறவர்கள் அதைப் பயன்படுத்தப்போகும் மனிதரை எந்த இடத்தில் நினைத்துப் பார்த்தார்கள் என்பது இப்படிச் சின்னச் சின்ன இடங்களில் தெரிந்துவிடுகிறது.

1982-இல் வந்த ஈ30-இல் அந்த நினைப்பு உச்சத்துக்குப் போனது என்பது என் கருத்து. அம்ஜாவின் காரை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் வரிசையாகப் பச்சைப் பொட்டுகள் ஐந்து எரியும். சர்வீஸ் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும். ஐந்தும் போனபின் மஞ்சள், அதையும் தாண்டினால் சிவப்பு. வெறும் கிலோமீட்டர் கணக்கு இல்லை. குளிர்ந்த எஞ்சினை முறுக்கினால், அதிக வேகத்தில் சுற்றவிட்டால், பொட்டு சீக்கிரம் அணையும். பதமாக ஓட்டுகிறவருக்கு நின்று எரியும். அம்ஜா வீட்டுப் பிள்ளைகள் கார் கேட்டு வாங்கிப் போனால், திரும்பி வந்ததும் அவர் முதலில் பார்ப்பது பெட்ரோல் முள்ளை இல்லை, அந்தப் பொட்டுகளைத்தான்.

டிக்கி மூடியின் உட்புறத்தில் ஒரு தட்டையான பெட்டி இருக்கும். திருகைத் திருப்பினால் அது கீழே மடங்கித் தொங்கும். உள்ளே ஸ்பேனர்கள், பிளையர், ஸ்குரூ டிரைவர், ஸ்பார்க் பிளக் சாவி. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவில் குழி. பூஜை அலமாரியில் சாமான்கள் அடுக்கியிருப்பதைப் போல் இருக்கும். ஆடம்பரக் காரை வாங்குகிறவர் தானே ஸ்பேனர் எடுப்பார் என்று நம்பிய காலம். இன்றைய 3 சீரிஸில் மாற்றுச் சக்கரத்துக்குக்கூட இடம் கிடையாது. 2005 வாக்கில் பஞ்சரானாலும் ஓடும் டயர்கள் வந்ததும் அதை எடுத்துவிட்டார்கள்.

அதே ஈ30-க்கு இன்னொரு கதை. ஆலையின் மாதிரி வண்டிப் பிரிவில் வேலை பார்த்த மேக்ஸ் ரைஸ்பாக்குக்குக் குழந்தைகள் பிறந்தன. விடுமுறைக்குக் கிளம்பினால் சாமான் வைக்க டிக்கி போதவில்லை. 3 சீரிஸில் நீள முதுகு வைத்த டூரிங் வடிவம் அப்போது கிடையாது. செய்யும் யோசனையும் மேலிடத்தில் இல்லை. அவர் மோதி நொறுங்கிய 323ஐ ஒன்றை வாங்கினார். நண்பருடைய பட்டறையில், வேலை நேரத்துக்குப் பிறகு, கூரையை நீட்டி, பின்தூண்களை வெட்டி நகர்த்தி, பின்கதவைத் தானே வடித்துப் பற்றவைத்தார். சில மாதங்கள் இப்படி. முடித்ததை அலுவலகத்தார் பார்த்தார்கள், பிறகு இயக்குநர்கள் பார்த்தார்கள். வண்டி அவரிடம் திரும்பிப் போகவில்லை. 1987-இல் 3 சீரிஸ் டூரிங் கண்காட்சிக்கு வந்தது. இன்று ஐரோப்பாவில் 3 சீரிஸ் வாங்குகிறவர்களில் எத்தனையோ குடும்பங்கள் தேடிப் போவது அந்த வடிவத்தைத்தான்.

ரைஸ்பாக்கின் கதையை முதலில் எனக்குச் சொன்னதும் அம்ஜாதான். அவர் சொல்லும்போது ரைஸ்பாக் பெரிய கண்டுபிடிப்பாளர் மாதிரி வரமாட்டார். பிள்ளைகளின் சைக்கிளை எங்கே வைப்பது என்று திணறிய ஒரு தகப்பனாகத்தான் வருவார். அந்தப் பின்கதவு குறுகலாக இருந்தது, விளக்குகள் இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டன, பெரிய பெட்டியைச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். வெட்டி ஒட்டிய தழும்பு கடைசி வரை தெரிந்தது. எனக்கு அந்தத் தழும்பு பிடிக்கும்.

இந்த வரிசையில் உயிரோடு நின்றவை எல்லாம் யாரோ ஒருவருடைய சொந்தத் தேவையிலிருந்து வந்தவை. 2002 அப்படி, டூரிங் அப்படி. எம்3-யும் ஏறக்குறைய அப்படித்தான்: தலைவர் எபர்ஹார்ட் ஃபான் கூன்ஹைம் 3 சீரிஸுக்கு வேகமான எஞ்சின் ஒன்று வேண்டும் என்று போகிறபோக்கில் கேட்க, பால் ராஷே ஆறு சிலிண்டர் எஞ்சினின் தலைப்பாகத்தில் இரண்டு சிலிண்டர் அளவை வெட்டியெடுத்து, மிச்சத்தை ஃபால்கன்ஹாசனின் பழைய பிளாக் மேல் உட்காரவைத்து, இரண்டே வாரத்தில் ஓடும் மாதிரியைச் செய்துவிட்டார். பந்தய விதி 5000 வண்டிகள் விற்றாக வேண்டும் என்றது, விற்றார்கள். 1987-இல் ராபர்டோ ரவாலியா அதில் உலக டூரிங் கார் பட்டத்தை வென்றார். மாறாக, சந்தையில் இந்த இடம் காலியாக இருக்கிறது என்று கணக்குப் பார்த்துச் செய்தவை நீடிக்கவில்லை. பின்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்கிய காம்பாக்ட் 1994-இல் வந்து இரண்டு தலைமுறையில் முடிந்தது. 2013-இல் உயரம் கூட்டிச் செய்த கிரான் டூரிஸ்மோ ஒரே தலைமுறை. இரண்டும் மோசமான கார்கள் இல்லை. இதைத் தனக்கே வேண்டும் என்று ராத்திரி விழித்துச் செய்த ஒரு மனிதர் அவற்றுக்குப் பின்னால் இல்லை, அவ்வளவுதான்.

மியூனிக்குக்கு வெளியிலும் இது நடந்தது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ராஸ்லின் என்ற இடத்தில் பிஎம்டபிள்யூவுக்கு ஓர் ஆலை. ஜெர்மனிக்கு வெளியே அவர்களுக்கு அமைந்த முதல் ஆலை. 3 சீரிஸ் அங்கே 2018 வரை, பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். முதல் எம்3 தென்னாப்பிரிக்காவுக்கு வரவில்லை. அங்கிருந்த பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. பெரிய 7 சீரிஸின் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஈ30-க்குள் திணித்து 333ஐ என்று 200 சொச்சம் செய்தார்கள். பிறகு 325ஐஎஸ் வந்தது, பந்தயத்துக்கென்று. இனஒதுக்கல் ஆட்சி நடந்த நாடு அது. சொவெட்டோ போன்ற கறுப்பினக் குடியிருப்புகளில் அந்தக் காருக்கு மக்கள் வைத்த பெயர் குஷேஷே. இறந்தவரை அடக்கம் செய்யும் இடத்தில் மரியாதையாகக் காரை ஒரே இடத்தில் வட்டமாகச் சுழற்றுவார்கள். டயர் புகை மேலே போகும். அதுவே வளர்ந்து இன்று மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் விளையாட்டு. ஓட்டுகிறவர் கதவு வழியாக வெளியே வந்து, ஓடும் காரின் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தொங்குவார். மியூனிக்கில் எந்த வரைபடத்திலும் இல்லாத உபயோகம். பின்சக்கரத்துக்குப் போகும் சக்தி, முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்த எடை, சின்ன உடல்: மூன்றும் சேர்ந்ததால்தான் அது சுழல்கிறது. மலைப்பாதைக்காகச் செய்த சமநிலை, துக்கத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் உதவியிருக்கிறது.

அம்ஜாவின் பேரன் மூன்றாம் தலைமுறைக்காரன். காரைச் சொல்கிறேன். 1990-இல் வந்த ஈ36, மூன்று கை மாறியது, ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். ஈ36-இல் பின்சக்கரத் தொங்கலை முழுக்க மாற்றியிருந்தார்கள். ஈரச் சாலையில் வளைவில் எதிர்பாராமல் பின்பக்கம் வெட்டிக்கொண்டு போகும் பழைய வழக்கம் அதோடு தீர்ந்தது. அமெரிக்காவின் ஸ்பார்டன்பர்க் ஆலை 1994-இல் திறந்தபோது முதலில் வெளிவந்ததும் ஈ36 தான். 1998-இல் ஈ46. நான் அங்கிருந்தபோதுதான் அது தெருவுக்கு வந்தது. பெர்லின் போகும் நெடுஞ்சாலையில் ஒரு சிநேகிதர் ஓட்டக் கொடுத்தார். ஆறு சிலிண்டர் 328ஐ. அந்த எஞ்சினின் ஓட்டத்தை வார்த்தையில் சொல்ல நான் இதுவரை முயன்ற எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை. ஒரு வருடத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற தலைமுறை அது.

வளர்ச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1975-இன் முதல் 3 சீரிஸ் 4355 மில்லிமீட்டர் நீளம், 1610 அகலம். இப்போது சாலையில் ஓடும், 2018-இல் வந்த ஜி20 4709 நீளம், 1827 அகலம். ஏறக்குறைய ஒரு சாண் அகலம் கூடியிருக்கிறது. எழுபதுகளில் இதற்கு அண்ணனாக இருந்த முதல் 5 சீரிஸையே இது நீளத்தில் தாண்டிவிட்டது. வாங்கினவர்களுக்கு வயதாயிற்று, பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதைவிட முக்கியமாக, பக்கவாட்டு மோதலைத் தாங்கும் கம்பிகள், காற்றுப் பைகள், நசுங்கி உயிரைக் காக்கும் முகப்பு எல்லாம் உள்ளே இடம் கேட்டன. மெல்லிய தூண்கள் கொண்ட ஈ30-இல் உட்கார்ந்தால் ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் மோதினால் அந்தத் தூண்கள் எவ்வளவு காப்பாற்றும் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த வளர்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில். 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில், திரையும் திருகுகுமிழும் வைக்கிறோம் என்று டேஷ்போர்டை நேராக்கிவிட்டார்கள். முப்பது வருடம் ஓட்டுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்த பலகை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த தலைமுறையில் அதைத் திரும்ப ஓட்டுநர் பக்கம் சாய்த்தார்கள், நல்ல காரியம். ஆனால் அந்தத் தலைமுறையில் இன்னொன்று போயிற்று. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கிய ஸ்டியரிங்குக்குப் பதில் மின்மோட்டார். எரிபொருள் மிச்சம் என்பது உண்மை. ஐரோப்பாவின் புகைக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டே வந்தது. பெரும்பாலான மாடல்களில் ஆறு சிலிண்டர் போய் நான்கு சிலிண்டர் டர்போ வந்ததும் அதனால்தான். ஆனால் ரோட்டின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வருவது குறைந்தது. மணல் படிந்த வளைவு, மழை தொடங்கிய முதல் நிமிடம் இவற்றைக் கண்ணுக்கு முன் கை அறிந்துகொள்ளும். அந்த அறிவைக் கார் கொடுத்துக்கொண்டிருந்தது.

நான் ஊர் திரும்பியபோது 3 சீரிஸும் பின்னாலேயே வந்துவிட்டது. 2007 மார்ச் 29-இல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை திறந்தது. செங்கல்பட்டுக்கு முன்னால், பரனூர் ஸ்டேஷனுக்கு எதிரே, கொளவாய் ஏரிக் காற்று வரும் தூரம். முதலில் அங்கே பூட்டியவற்றில் 3 சீரிஸ் ஒன்று. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து இறங்கும். போகப்போக இருக்கை, கதவு உட்பலகை, ஒயரிங், புகைக்குழாய் எல்லாம் பக்கத்திலேயே செய்யும் ஆலைகள் வந்தன. 2015-இல் உள்ளூர்ப் பாகங்கள் பாதியளவு ஆயிற்று என்று அறிவித்தபோது சச்சின் டெண்டுல்கரே அந்த வரிசையில் நின்று எஞ்சின் பொருத்தினார்.

சிங்கபெருமாள் கோயில் பக்கம் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன், பாலிடெக்னிக் முடித்து அங்கே சேர்ந்தான். டேஷ்போர்டு முழுசாக ஒரே துண்டாக வரும், கதவு திறப்பு வழியாக உள்ளே நுழைத்து உட்காரவைக்க வேண்டும் என்று கைகளை விரித்துக் காட்டினான். "ஒரு நூல் இழை கூட உரசக் கூடாதுண்ணா. உரசினா அவ்வளவுதான்." அம்ஜாவின் ஃபீலர் கேஜ் எனக்குக் கண் முன் வந்து நின்றது. இவனும் அவரும் ஒருவரை ஒருவர் பார்க்கப்போவதில்லை, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் ஐந்து நிமிடம் ஒரே பானட் முன்னால் நின்றால் போதும், பேச்சு நடந்துவிடும்.

2021-இல் இந்தியாவுக்கு நீட்டிய 3 சீரிஸ் வந்தது. சக்கர இடைவெளி 110 மில்லிமீட்டர் அதிகம், முழுக்கப் பின்சீட்டுக்கு. இங்கே வாங்குகிறவர் பின்னால் உட்காருகிறார், அதனால் அது சரியான முடிவு. ஆனால் ஐம்பது வருடம் ஓட்டுகிறவருக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்த காரில் ஓட்டுகிறவர் இங்கே யார்? திருவான்மியூரில் எனக்குப் பழக்கமான ஆக்டிங் டிரைவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் ஒரே முதலாளிக்கு, அவருடைய நீள 3 சீரிஸை ஓட்டுகிறார். பாண்டிச்சேரியில் முதலாளியை இறக்கிவிட்டு ராத்திரி தனியாக ஈசிஆரில் திரும்புவது உண்டு. "அவர் இருக்கும்போது எழுபது தாண்டமாட்டேன். தனியா வரும்போதும் பறக்கமாட்டேண்ணா, வண்டி அவங்களோடது. ஆனா மரக்காணம் தாண்டி ரோடு வளையும்ல, அங்க ஸ்டியரிங்க சும்மா இவ்வளவு திருப்பினா போதும், நாம நினைச்ச இடத்துல போய் நிக்கும். முதலாளிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்." அவர் அதைச் சொன்னபோது முகத்தில் இருந்த பூரிப்பு அம்ஜா எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது இருந்த அதே பூரிப்பு. பால் பிராக்கும் ஃபால்கன்ஹாசனும் யாரை நினைத்துச் செய்தார்களோ, அவர் இங்கே சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர். காருக்குச் சொந்தக்காரர் இல்லை என்பதால் அந்த அக்கறை அவருக்குச் சேராமல் போய்விடவில்லை.

மின்சாரம் இந்த வம்சத்துக்குப் புதிதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டக்காரர்களோடு கூடவே போன வண்டிகளில் இரண்டு மின்சார 1602 இருந்தன. ஓடுகிறவர்கள் புகையைச் சுவாசிக்கக் கூடாது என்பதற்காக. பானட்டுக்குள் எஞ்சினை எடுத்துவிட்டு 350 கிலோ ஈய பேட்டரி. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போகும், மாரத்தானுக்குப் போதும். அம்ஜா ரோட்டோரம் நின்று அதைப் பார்த்திருக்கிறார். வண்டி வந்ததே தெரியவில்லை, சத்தமில்லாமல் ஊர்ந்து போயிற்று, முன்னால் போனவரின் மூச்சுதான் கேட்டது என்பார். அப்போது அவர் எஞ்சின் கூடத்தில் சேர்ந்து இரண்டு வருடம்.

பழைய எஞ்சின் கூடத்து இடத்திலிருந்து மின்சார 3 சீரிஸ் 2026-இல் வெளிவரத் தொடங்கும் என்றும், 2027 முடிவிலிருந்து மியூனிக் ஆலை முழுக்க மின்சாரக் கார் மட்டுமே செய்யும் என்றும் அறிவித்திருந்தார்கள். திட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் 1961-இன் அதே நியூ கிளாஸ்ஸே. ஓட்டத்தை ஆளும் கணினிக்கு ஹார்ட் ஆஃப் ஜாய் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஸ்டியரிங், பிரேக், மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே மூளை. பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் எடை கீழே இறங்கும், வளைவில் அது நல்லது. மொத்த எடை கூடும், அது நல்லதில்லை. கைக்கு ரோடு தெரியுமா என்பதுதான் நான் அறிய விரும்புவது.

இதையெல்லாம் ஆக்டிங் டிரைவரிடம் ஒரு நாள் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே காரியமானவை. பேட்டரியோடு எவ்வளவு எடை? பின்சக்கரம்தானே தள்ளும்? மழைத் தண்ணீர் தேங்கிய வேளச்சேரி ரோட்டில் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதலாளி அடுத்து எலக்ட்ரிக் எடுக்கும் யோசனையில் இருக்கிறாராம்.

"வரட்டும்ணா. மரக்காணம் வளைவுல ஒரு தடவ ஓட்டிட்டு உங்களுக்குப் போன் பண்றேன்" என்றார்.